என் கணவரின் இரண்டாம் கல்யாணம்

அச்சடித்த பத்திரிகைக்கு டிமிக்கி கொடுக்கலாம். "தபால்ல வரவே இல்லையே" என்று சாதிக்கலாம். "ஷிஃப்ட் மாத்தித் தர ஆள் கிடைக்கல" என்று கையை விரிக்கலாம். ஆனால் ஒரு பெரிய மனிதர் நம் வாசற்படி ஏறி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "கண்டிப்பா வந்துடணும்" என்று கும்பிட்டுவிட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காய்ச்சலானாலும் கடனானாலும் போய்த்தான் ஆக வேண்டும். மேற்கொண்டு துருவித் துருவிக் கேள்வி கேட்பதும் மரியாதை இல்லை.

இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நினைவு தப்பிய ஒரு பெரியவர் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து, "மாமா, பொழுதுபோக்கா இதச் செய்யுங்க" என்று சொன்ன ஒரே புத்திசாலி நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த மாதம் என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அழைக்கப் போக வேண்டும். பாக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. (சர்க்கரையா இருக்கும், டெஸ்ட் பண்ணிக்கோ என்கிறார் என் கணவர். சர்க்கரை இல்லை. அனுபவம்.)

என் மாமனார் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) பயிர் வைத்தவர். அதைவிட முக்கியமாக, அந்தச் சுற்றுவட்டாரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும், பாக்கு வைத்து அழைக்கப் போகும் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். சண்டைக்காரப் பங்காளிகூட அவர் கூப்பிட்டால் முறுக்கிக்கொண்டாவது வந்துவிடுவானாம். "அவரு பாக்கு வெச்சி வராதவன், செத்தவன் மட்டும்தான்" என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு.

மாமியார் போன பிறகு அவரை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தோம். அப்போது கவிதாவுக்கு ஏழு வயது. வந்த புதிதில் மூக்குக் கண்ணாடியை வைத்த இடம்தான் மறந்தது. பிறகு கிழமை மறந்தது. பிறகு சாப்பிட்டது மறந்தது. கடைசியில் என்னையே மறந்துவிட்டார்.

"யாரும்மா நீ?" என்பார்.

"உங்க மருமவ மாமா."

"அப்படியா? ரொம்ப சந்தோசம்."

காபியைக் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பித் தரும்போது, "காபி நல்லா இருந்திச்சி. நீ யாரும்மா?" என்பார். ஒரு நாளில் எத்தனை தடவை அவருக்கு நான் மருமகளானேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த விஷயத்தை நாங்கள் வெளியில் மூச்சு விடவில்லை. காரணம் நான்தான். "தாத்தாவுக்குப் புத்தி சரியில்லன்னு தெரிஞ்சா நாளைக்குக் கவிதாவுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று என் கணவரிடம் அழுதேன். (கவிதா அப்போது இரண்டாம் வகுப்பு. பல் விழுந்து பொக்கையாக இருந்தாள்.) பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். திருநெல்வேலிக்காரர். ஒரு ரகசியத்தை அவர் காதில் போட்டால், அது ஊர் சுற்றாது. ஆனால் நமக்குத் தினமும் நினைவூட்டப்படும்.

டவுன்ஷிப்பில் ஒரு சங்கடம். எல்லா வீடும் ஒரே அச்சு. அதே கேட், அதே ஜன்னல், அதே குரோட்டன்ஸ் வேலி. நல்ல நினைவு உள்ளவர்களே நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அடுத்த வீட்டுக் கேட்டைத் திறப்பதுண்டு. ஒரு நாள் மத்தியானம் மாமனார் எங்கோ மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலில் படுத்து, "கொஞ்சம் மோர் குடும்மா" என்றிருக்கிறார். அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரின் பக்கத்து உறவு என்று நினைத்து மோர் கொடுத்திருக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரோ, பெண்டாட்டி பக்கத்து உறவு என்று நினைத்து, வாயைத் திறக்காமல் ஒரு தலையணையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் கண்டுபிடித்தோம். அதற்குள் நான் டவுன்ஷிப் முழுக்க ஓடி, காலில் ஒரு செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

சேதி கடலூருக்குப் போய்விட்டது. அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே வந்தார்.

"மெயின் ரோட்டுக்குப் போயிருந்தா என்னா ஆயிருக்கும்? லாரி லாரியா போய்கினு இருக்குது. நான் கூட்டிகினு போறேன். மாடி ரூம்ல வெச்சி வெளியில தாப்பா போட்டா எங்க போவாரு?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். ஆனால் 'வெளியில தாப்பா' என்றதும் நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். வாழ்நாள் பூராவும் ஊர் வாசலெல்லாம் ஏறி இறங்கிய மனிதருக்கு, வெளியே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு.

"மாமா, ஒரு வாய்ப்புக் குடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் யோசித்தார். "ரெண்டு வாரம் போவட்டும். ஒரு ஞாயித்துக்கெழம வரேன். அன்னிக்கு அப்பா ஒரு எடத்துல நிம்மதியா உக்காந்திருந்தார்னா வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா கூட்டிகினுதான் போவேன். அப்புறம் அழக் கூடாது."

டாக்டர் சொன்னது இதுதான்: "இதுக்கு மருந்து இல்லம்மா. கைக்கு வேல குடுங்க. அவருக்குப் பழக்கமான வேலையா, அவரு மதிக்கிற வேலையா இருக்கணும். சும்மா உக்கார வெச்சாதான் எழுந்து போவாரு."

போதாதா? நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். வேலை கிடைக்கவில்லை. தேங்கிக் கிடந்த மொத்தப் படிப்பையும் மாமனார் மேல் அவிழ்த்துவிட்டேன். சார்ட் பேப்பர் வாங்கி, கலர் பென்சிலால் கட்டம் போட்டு, ஒரு டைம்டேபிள் தயாரித்துச் சுவரில் ஒட்டினேன். முதல் பீரியட் மல்லாட்டை உரித்தல். இரண்டாவது, துணி மடித்தல். மூன்றாவது, செய்தித்தாள் வாசித்தல். இன்டர்வெல் உட்பட எல்லாம் இருந்தது. அதைப் பார்த்த என் கணவர், "பெல் யார் அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடி வாங்காமல் டியூட்டிக்கு ஓடினார்.

மல்லாட்டையை அழகாக உரித்தார். நான் உள்ளே போய் வருவதற்குள் பருப்பையெல்லாம் குரோட்டன்ஸ் வேலியோரம் விதைத்துவிட்டார். (நன்றாக முளைத்தது. எங்கள் பிளாக்கிலேயே வேலியில் மல்லாட்டை காய்த்த வீடு எங்களுடையதுதான்.) துணியை இஸ்திரி போட்ட மாதிரி மடித்தார். மடித்த அடுக்கைத் தெருவில் போன கீரைக்கார அம்மாளிடம், "கட்டிக்க தாயி" என்று தானம் செய்துவிட்டார். என் கணவரின் டியூட்டிச் சட்டையை மீட்க நான் பக்கத்துக் கிராமம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே அது ஏற்கெனவே ஒருவர் உடம்பில் இருந்தது. செய்தித்தாளில் காலமானார் பகுதியைப் படித்துவிட்டு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் துக்கம் கேட்கத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

முதல் வாரம் முடிந்தது. என் டைம்டேபிளில் எல்லாப் பீரியடும் ஃபெயில்.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் உதித்தது. அவர் மதிக்கிற வேலை எது? பாக்கு வைப்பது!

ஒரு கவுளி வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வாங்கி, பித்தளைத் தட்டோடு அவர் முன் வைத்தேன். அந்தக் காட்சியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. முதுகு நிமிர்ந்தது. ஒவ்வொரு வெற்றிலையாக எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, காம்பைக் கிள்ளி, நுனி ஒரே பக்கம் வரும்படி அடுக்கினார். கிழிந்ததைத் தள்ளினார். பாக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சொத்தையை ஒதுக்கினார். 'யாரும்மா நீ' இல்லை. வாசலைப் பார்க்கவில்லை. பெரிய காரியம் கையில் இருக்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அடுத்த நாள் எழுந்து, "பாக்கு வெக்கப் போவணும்" என்றார். நான் டீச்சர் அல்லவா, பாடத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினேன். சமையலறை வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன். கவிதா அவள் பொம்மைகளோடு நின்று வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் செண்பகம் அக்காவிடம் ஏற்பாடு செய்தேன்.

"அக்கா, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மாமா வருவாரு. தட்ட வாங்கிக்கிட்டு, 'கண்டிப்பா வரோம்'னு சொல்லி அனுப்பிடுங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? கொண்டா, ரெண்டு வெத்தல எனக்கும் ஆச்சு" என்றார் அக்கா.

நாலு மணிக்குப் பின்பக்க வராந்தாவில் நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன். மாமனார் மஞ்சள் பையும் தட்டுமாகச் செண்பகம் அக்கா வீட்டுக்குப் போவார். அக்கா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். அங்கிருந்து எங்கள் வீடு வலது பக்கம்.

மாமனார் இடது பக்கம் திரும்பியிருக்கிறார். தினமும்.

அக்கா அவர் என்னிடம் திரும்பிவிட்டதாக நினைத்தார். நான் அவர் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். டியூஷன் முடிந்து வரும்போது மனிதர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பாக்கு வைக்க வந்த பெரியவரைத் தனியாக அனுப்புவது மரியாதை இல்லை என்று கடைசி வீட்டுக்காரர் யாராவது எங்கள் கேட் வரை கொண்டுவந்து விட்டுப் போனதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி.

இதற்கிடையில் நான் செய்த இன்னொரு கைங்கரியம். "மாமா, வர்ற ஞாயித்துக்கிழம உங்க பெரிய மவன் வராரு. வர்ற ஞாயித்துக்கிழம!" என்று அவர் மனசில் பதிய வேண்டும் என்று காலையும் மாலையும் பாடம் நடத்தினேன். பெரிய மகன் பதியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பதிந்தது.

அந்த வாரம் நடந்ததையெல்லாம் இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மாமனாருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பதறிப்போய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எடை போட்டுப் பார்த்து, "கூடியிருக்கேம்மா?" என்றார். (கூடாமல்? தினமும் ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு, வடை, காபி.) வெற்றிலை கவுளி கவுளியாகக் காலியானது. மென்று துப்புகிறார் என்று நினைத்தேன். கூட்டுறவு ஸ்டோரில் வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "மனச வுட்றாதம்மா. கொழந்த மொகத்தப் பாத்து நட" என்றாள். சர்க்கரை தீர்ந்துபோனதற்கா இவ்வளவு ஆறுதல் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

என் கணவரோ ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து சிரித்த முகத்தோடு இறங்கினார்.

"மைன்ஸ்ல எல்லாரும் கை குடுக்கறாங்க விஜயா. 'ரெண்டாவது வருதாமே, குடுத்து வெச்சவன்யா நீ'ங்கறாங்க. ரெண்டாவது இன்கிரிமென்ட் சாங்ஷன் ஆயிடுச்சி போல. நம்மகிட்ட இன்னும் சொல்லல."

அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு வடை பாயசத்தோடு சமைத்தேன். என் கையால்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மாமனாரே கேட்டு முகம் மழித்துக்கொண்டார். பட்டுக்கரை வேட்டிதான் வேண்டும் என்றார். "இன்னிக்கு விசேசமாச்சே" என்றார். நான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

கணவரின் அண்ணன் கடலூரிலிருந்து வந்தார். வராந்தாவில் அப்பா அமைதியாக வெற்றிலை துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காபி குடிக்கும் நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லியே" என்றார் மெதுவாக. "எங்க வூட்ல இருந்திருந்தா இதுக்குள்ள எங்கள நாலு தடவ எழுந்து ஓட வெச்சிருப்பாரு. நல்லாதான் வெச்சிகினு இருக்கற."

ஜெயித்துவிட்டேன். சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

கேட் திறந்தது.

ஒரு தம்பதி. அவர் சலவை வேட்டி, அந்த அம்மாள் பட்டுப்புடவை. கையில் கலர் பேப்பர் சுற்றிய எவர்சில்வர் குடம். கலர் பேப்பருக்கு மேலே குடத்தின் கழுத்து தெரிந்தது. மாமனார் தட்டை வைத்துவிட்டு எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க வாங்க! சம்சாரமும் வந்துட்டாங்களா, ரொம்ப சந்தோசம். உள்ள போயி உக்காருங்க. சாப்ட்டுட்டுதான் போவணும்."

அவர்கள் உட்கார்வதற்குள் இன்னொரு குடும்பம். பட்டுப் பாவாடை கட்டிய பெண் குழந்தைகள். பின்னால் இன்னொன்று. சுவர்க் கடிகாரம், பிளாஸ்டிக் பூச்சாடி, இன்னொரு சுவர்க் கடிகாரம். மோர் கொடுத்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள் (உறவில்லை என்று தெரிந்த பிறகும் அவர்களுக்கு மாமனார் உறவுதான்). முன் அறை நிறைந்தது, வராந்தா நிறைந்தது, வேலியோரம் மல்லாட்டைச் செடிக்கு நடுவில் ஆட்கள் நின்றார்கள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டி வந்து துக்க வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டோர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன மாதிரி பெரிய மனசு யாருக்கும் வராதும்மா. பலகாரம்கூட நீயே பண்றியாமே?"

"என்ன பலகாரம்? எதுக்கு வந்திருக்கீங்க எல்லாரும்?"

அவள் பதில் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து என் கணவர், பாதி முகத்தில் சோப்பு நுரையும் இடுப்பில் லுங்கியுமாகப் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்ள வந்துட்டாரு!" என்று ஒரு குழந்தை கத்தியது.

தொழிற்சங்கத்து முருகேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கணவரோடு ஒரே ஷிஃப்ட்.

"தோழர், பெரியவரு பாக்கு வெச்சிட்டாரு, அந்த மரியாதைக்காக வந்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மொதல் சம்சாரம் உசுரோட இருக்கும்போது ரெண்டாவது கட்டினா கம்பெனி ரூல்ஸ்ல வேலையே போயிடும். சங்கம் ஒண்ணும் பண்ண முடியாது. நேத்தே சொல்லியிருப்பேன், நீங்கதான் எல்லார்கிட்டயும் சிரிச்சிகினே கை குடுத்துகினு இருந்தீங்க."

"யாருக்கு ரெண்டாவது?" என்றார் என் கணவர். சோப்பு நுரை தரையில் விழுந்தது.

"பெரியவரே சொன்னாரே, 'எம் சின்ன மவனுக்குக் கல்யாணம், வர்ற ஞாயித்துக்கெழம'ன்னு!"

செண்பகம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி விஜயா! எனக்கு வெச்ச பாக்க ஊருக்கே வெச்சிருக்காரேட்டி!" என்று அலறினார். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது: இடது பக்கம், முறுக்கு, இன்கிரிமென்ட், எல்லாம். மெதுவாகத் திரும்பிக் கணவரின் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது.

"இதான் ஒரு எடத்துல உக்கார வெச்ச லட்சணமா?" என்றார். "வூடு வூடா அலைய வுட்டிருக்க. அந்தப் பைய எடு. அப்பா துணிய வை. நான் கூட்டிகினு கெளம்பறேன்."

நான் பையை எடுக்கவில்லை. கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது.

அந்த அமைதியில், யார் எக்கேடு கெட்டால் என்ன, வந்த விஷயம் தெரிந்தாக வேண்டும் என்கிற மாதிரி, குடம் கொண்டுவந்தவர் மாமனாரிடம் கேட்டார்: "பொண்ணு எந்த ஊருங்க?"

மாமனார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பட்டாம்பாக்கம்ங்க. வாத்தியாரு மவ."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மேல்பட்டாம்பாக்கம். என் அப்பா வாத்தியார்.

"டீச்சருக்குப் படிச்சிருக்குது. நாங்க பொண்ணு பாக்கப் போயிருந்தப்ப காபித் தட்ட எடுத்துகினு வந்துச்சி பாருங்க, தட்டு கிடுகிடுன்னு ஆடுது. டம்ளரெல்லாம் பேசிக்குது. பாவம், பயந்த பொண்ணு. எம் பெரிய மவன்கூட, 'இது என்னாப்பா இப்படி நடுங்குது, நம்ம வூட்டுக்கு ஒத்து வருமா'ன்னான். நான் சொன்னேன், டேய், நடுங்கற கைதான்டா சிந்தாம கொண்டாருது, பாருன்னு. எங்கூட்டுக்கு வந்தா பயம் போயிடும்ங்க. நல்ல பொண்ணு. அதான் நானே எல்லா வூடும் ஏறிக் கூப்புட்டேன்."

பிறகு செண்பகம் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அட கூறு கெட்டவங்களா, அது இவதாம்ல! இந்த விஜயாவைத்தான் அவ புருஷனுக்குக் கட்டி வைக்காரு! இதுக்கா ஊரே ஒப்பாரி முகத்தோட வந்து உக்காந்திருக்கீய?"

முதலில் முருகேசன்தான் சிரித்தார். "அப்ப ரூல்ஸ்ல எடம் இருக்குது தோழர்" என்றார். பிறகு வீடே சிரித்தது. ஸ்டோர் அம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழுதுகொண்டே அழுதேன்.

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாண வீட்டில் ஒரு பெண் அழுகிறாளே என்று அவருக்கு வருத்தம்.

"ஏம்மா, நீ பொண்ணு வூடா, புள்ள வூடா?"

"ரெண்டு வூடும்தான் மாமா."

"அப்படியா? ரொம்ப சந்தோசம்" என்றார். பிறகு தலையைத் திருப்பி, கையில் துணிப்பை இல்லாமல் நின்ற தன் மூத்த மகனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "டேய்! மூத்தவன் நீ, உள்ள நின்னுகினு என்னா பண்ற? வாசல்ல போயி நின்னு வர்றவங்கள 'வாங்க'ன்னு சொல்லு! நானேவா எல்லாத்தையும் பாக்கறது?"

அவர் மகனை மகன் என்று அடையாளம் கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கடலூரில் பெரிய இரும்புக்கடை முதலாளி. போய்க் கேட்டருகே நின்றார். கையைக் கூப்பினார். "வாங்க" என்றார். அன்றைக்கு மத்தியானம் வரை அங்கேதான் நின்றார்.

சாப்பாடு? அதையும் சொல்ல வேண்டும். என் அடுப்பில் நாலு பேருக்கு சாம்பார் இருந்தது. செண்பகம் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏ, ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு ஓடுங்க. மத்தியானத்துக்கு எது ஆக்கிருக்கோ சட்டியோட தூக்கிட்டு வாங்க" என்று உத்தரவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா? கறிக்குழம்பு வந்தது. கருவாட்டுக் குழம்பு வந்தது. வத்தக்குழம்பு, புளியோதரை, மூன்று விதமான ரசம், ஒரு மதுரைக்காரர் வீட்டு ஈரல் வறுவல். ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் வேறு வேறு ஜில்லாவின் சாப்பாடு. யாரோ சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த மாலைகளை எடுத்து வந்தார்கள். பாதி முகம் மழித்த மாப்பிள்ளைக்கும், நைலக்ஸ் புடவை கட்டி மஞ்சள் கறையோடு நின்ற பெண்ணுக்கும் மாலை மாற்றினார்கள். கவிதா கைதட்டினாள். ('அப்பா அம்மா கல்யாணத்தை நேரில் பார்த்த பெருமை எங்கள் வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான்' என்று அவள் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸிடமிருந்து அழைப்பு வந்தது தனிக் கதை.)

பரிசுகளைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். வாங்க மறுத்துவிட்டார்கள். "வெச்சத எப்படிம்மா திருப்பி வாங்கறது? அடுத்த கல்யாணத்துக்கும் கூப்புடு" என்றார்கள். எங்கள் முன் அறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டியதில்லை.

சாயங்காலம் கணவரின் அண்ணன் கிளம்பினார். தனியாகத்தான். கேட் வரை நான் போனேன். துணிப்பை என் கையில் இருந்தது, காலியாக. அவர் அதைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் யாராவது நின்று, "கெளம்பிட்டீங்களா? பெரியவர நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

"எங்கூட்டுக்குப் போனா அவருக்கு இருக்கறது ஒரே வூடு" என்றார். "இங்க இத்தினி வூடு இருக்குது. இருக்கட்டும்." நாலு எட்டு போய்த் திரும்பினார். "அந்தத் தட்டு ஆடிச்சின்னு சொன்னது நெசம்தான். ஒத்து வருமான்னு கேட்டதும் நாந்தான்." சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் ஊருக்குத் தெரியக் கூடாது என்று பொத்தி வைத்த விஷயம் ஒரே நாளில் பிளாக் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு மாமனார் தொலையவே இல்லை. தொலைய முடியவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கேட்டைத் திறந்தாலும், "கல்யாண வூட்டுப் பெரியவரா, வாங்க வாங்க" என்று உட்கார வைத்து, மோர் கொடுத்து, கொண்டுவந்து விட்டார்கள். டைம்டேபிளைக் கிழித்துப் போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு டியூஷனுக்கு ஒரு மணி நேரம் லீவு விட்டு, நானும் அவரோடு பாக்கு வைக்கப் போனேன். எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா வரோம்" என்றார்கள். அவர் கடைசி வரை என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் யாராவது "கூட யாருங்க?" என்று கேட்டால், "பொண்ணு வூடு" என்று பதில் வரும்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எனக்கு இரண்டு பதவி. குழம்பில் உப்பு கூடினால், "மூத்த தாரம் வெச்சதா, எளைய தாரம் வெச்சதா?" என்று கேட்பார் என் கணவர். சம்பள நாளில் புடவை கேட்டால், "ரெண்டு பொண்டாட்டிக்காரன் எங்க போவேன்?" என்பார். கடலூரிலிருந்து கணவரின் அண்ணன் கடிதம் எழுதினால் இன்றைக்கும், "இரு மருமகள்களுக்கும் ஆசி" என்றுதான் முடிப்பார்.

நேற்று கவிதா கல்யாணத்துக்கு முதல் பாக்கு வைக்கச் செண்பகம் அக்கா வீட்டுக்குப் போனோம். பத்திரிகையில் மணமகள் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் அடிக்கச் சொல்லியிருந்தேன். அப்படியும் நம்பிக்கை இல்லை. தட்டை நீட்டும்போதே, "அக்கா, பொண்ணு கவிதா. என் பொண்ணு. எங்களுக்கு இல்ல" என்று விளக்கமாகச் சொன்னேன். தட்டு கிடுகிடுவென்று ஆடியது. பாக்கெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது.

அக்கா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலைமுடி முழுக்க வெளுத்தும் வாய் மட்டும் வெளுக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்தா பயம் போயிரும்னு சொன்னாரே ஒன் மாமனாரு. ரெண்டு தடவ கட்டிக் குடுத்தும் போகலியேட்டி?"

"அதுக்குத்தான் மூணாவது தடவ பாக்கு வைக்கறோம்" என்று என் கணவர் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.